அம்பாசடர் இன்ஜினும் 21 கேஜ் செம்பும்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு முன் நிற்கும் 1979ஆம் ஆண்டு அம்பாசடரின் இன்ஜினை நான் இரண்டு முறை இறக்கி வேலை பார்த்திருக்கிறேன். முதல் முறை செய்த வேலையில் பெரும்பகுதி சரியாகவே அமைந்தது. சிலிண்டர்களை ஓவர்சைஸ் போர் செய்தது, கிராங்கைக் கிரைண்டிங் கொடுத்தது, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் பொருத்தியது ஆகியவற்றில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. பிழை ஒரே இடத்தில் நேர்ந்தது. ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் கம்ப்ரஷனைப் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைப்) பற்றிய கேள்வி என்று எண்ணிக்கொண்டு விடை தேடினேன். அது முதன்மையாகக் கம்ப்ரஷனைப் பற்றிய கேள்வி அன்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும், நான்கு பிஸ்டன்களின் தலைகளும் செலவாயின. பழைய இன்ஜினுக்கு வேகம் கூட்ட நினைக்கும் வேறு யாரும் அதே வழியில் போய்த் திரும்ப வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்த அம்பாசடரில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வரிசையில் இதே கொள்ளளவு கொண்ட இன்ஜின்தான் ஓடியது என்பதால், நெல் மூட்டையும் கல்யாணக் கூட்டமும் ஏற்றிப் பழகிய நம் வண்டிக்குள்ளும் இன்னும் கொஞ்சம் வேகம் ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை எனக்குச் சிறு வயது முதலே உண்டு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 88.9 மி.மீ.; பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறைதான் இந்த ஹெட்டின் சிறப்பு. இரண்டு வால்வுகளும் அந்த இதயத்துக்குள் அடங்கிவிடுகின்றன. போரின் மீதிப் பரப்பை ஹெட்டின் தட்டையான முகம் மூடியிருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தத் தட்டை முகத்துக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று மட்டும் எஞ்சும். அதைத்தான் ஸ்க்விஷ் இடைவெளி என்கிறார்கள். நான் நெருக்கிடைவெளி என்று எழுதுகிறேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இடுக்கைப் பற்றியதே.

எங்கள் வண்டி இடையில் சில ஆண்டுகள் வாடகைக்கு ஓடியது. அந்தக் காலத்தில் இன்ஜின் சூடேறிய ஒவ்வொரு முறையும் ஹெட்டைக் கழற்றி அதன் முகத்தைச் சீவிச் சமன் செய்ய ஃபேசிங் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஹெட் தேய்ந்து, எரியறையின் கொள்ளளவு சுருங்கிப் போயிருந்தது. கண்ணாடித் தகட்டில் சிறு துளையிட்டு, கிரீஸ் தடவி எரியறையின் மேல் ஒட்டி, மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சால் சாயம் கலந்த மண்ணெண்ணெயை நிரப்பி அளந்தபோது ஓர் அறைக்கு 36 மி.லி.தான் பிடித்தது. பிஸ்டன் தலையின் நடுவில் உள்ள ஆழமற்ற குழிக்கு 5 மி.லி. பிஸ்டன்கள் உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் மேல்முகத்துக்குச் சராசரியாக 0.65 மி.மீ. கீழே நின்றன. வழக்கமான தடிமனுள்ள கேஸ்கட்டைப் போட்டால் கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய 8.9 ஆகும் என்று கணக்கு காட்டியது. அப்போது நம் பங்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண்). கத்திரி வெயிலில் இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றே கொதிக்கிறது. பழைய வடிவமைப்புள்ள வார்ப்பிரும்பு ஹெட் வெப்பத்தை எளிதில் விடாது. இவற்றை எல்லாம் சேர்த்து எண்ணிப் பார்த்து, கம்ப்ரஷனைக் கொஞ்சம் இறக்கிவிடுவதே பத்திரம் என்று முடிவு செய்தேன்.

அப்படி இறக்குவதற்குப் பட்டறைகளில் பல காலமாக இருந்துவரும் வழி ஒன்று உண்டு. இரண்டு கேஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். எனக்கு அது முரட்டு வேலையாகத் தோன்றியதால், ஒரே தகடாகத் தடிமனான செம்பில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில் செம்புத் தகட்டுக்குப் பஞ்சம் இல்லை. பாத்திரப் பட்டறையில் மில்லிமீட்டர் பேச்சு கிடையாது, கேஜ் கணக்குதான். 16 கேஜ் தகடு ஏறத்தாழ 1.6 மி.மீ. அதில் வெட்டிய கேஸ்கட்டைப் பொருத்தியதும் கணக்குப்படி கம்ப்ரஷன் 8.4க்கு இறங்கியது. நான் நிம்மதியாக இருந்தேன்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிக்கும் தட்டல், கேட்டது. தஞ்சாவூர் சாலையில் டாப் கியரில் 50 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், எவர்சில்வர் டம்ளரில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை பானெட்டுக்கு அடியிலிருந்து வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இக்னிஷன் டைமிங்கைப் (தீப்பொறி விழும் நேரத்தைப்) பின்னுக்குத் தள்ளினேன். ஓசை அடங்கியது, அதோடு இழுவையும் அடங்கியது. கம்ப்ரஷனை இறக்கியும் நாக்கிங் வருகிறதே, பெட்ரோலில்தான் கலப்படமோ, கார்புரேட்டர் ஊசிதான் மெலிந்த கலவையைத் தருகிறதோ என்று மூன்று மாதங்கள் வேறு இடங்களில் எல்லாம் தேடினேன்.

காரணத்தைக் காட்டியவர் பெட்ரோல் இன்ஜின் பக்கமே அதிகம் போகாத ஒருவர். மன்னார்குடிக்கு அருகில் டிராக்டரும் பம்ப்செட்டும் பழுது பார்க்கும் மூத்த மெக்கானிக் அவர். வேறு வேலையாகப் போனபோது என் கதையைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது கம்ப்ரஷனைப் பற்றி அன்று.

"பிஸ்டன் மேல வந்து நிக்கிறப்போ ஹெட்டுக்கும் அதுக்கும் எவ்வளவு சந்து இருக்கு, தம்பி?"

"அதை நான் தனியா அளக்கலைண்ணே. கேஸ்கட்டு ஒண்ணரை மில்லிக்கு மேல இருக்கும்."

"அப்ப பிஸ்டன் கீழ நிக்கிறதையும் சேர்த்தா ரெண்டைத் தாண்டிப் போச்சு. கம்ப்ரஷனைக் குறைக்கிறேன்னு சந்தைத் தொறந்து விட்டுட்டீங்க."

டீசல் இன்ஜினில் வேலை செய்பவருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வந்ததற்குக் காரணம் உண்டு. பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் உச்சியில் பிளாக்கின் மேல்முகத்தைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் கேஸ்கட் வாங்க முடியும். ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று தடிமன்களில் கேஸ்கட் வரும். எது எந்தத் தடிமன் என்பதை அதன் ஓரத்தில் உள்ள துளைகளோ வெட்டுகளோ சொல்லும். அதாவது கேஸ்கட்டின் தடிமன் என்பது அளவெடுத்த பின் கிடைக்கும் விடை. நமக்கு வேண்டிய கம்ப்ரஷனை வைத்து முன்கூட்டியே முடிவு செய்யும் எண் அன்று. இந்த ஒழுங்கு டீசல் பட்டறைகளில் அன்றாட வழக்கமாக இருக்கும்போது, வேகத்துக்காக பெட்ரோல் இன்ஜினைத் திறக்கும் எங்களைப் போன்றவர்களிடம் அது இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அந்த இடுக்கு என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை நெருங்கும் கடைசி நொடித்துளியில், தட்டை முகத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, வழி இல்லாமல் எரியறையை நோக்கிப் பீறிட்டுப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் அறைக்குள் சுழற்சி உண்டாகித் தீ விரைவாகப் பரவுகிறது. எரிவது விரைந்தால், தீப்பொறி எட்டாத மூலையில் கடைசியாகக் காத்திருக்கும் கலவை தானாகவே வெடிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. இடுக்கில் மிச்சமாக நிற்கும் மெல்லிய படலமோ, மேலும் கீழும் இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்பதால் தன் வெப்பத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து கிடக்கிறது. இரண்டு வகையிலும் நாக்கிங் குறைகிறது. இடுக்கை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் திறந்துவிட்டால் இந்த இரண்டு பயனும் போய்விடும். பீறிடும் வேகம் குறையும். குளிர முடியாத அளவுக்குத் தடிமனான கலவைப் படலம் ஒன்று, ஸ்பார்க் பிளக்கிலிருந்து மிகத் தொலைவான ஓரத்தில், வெடிப்பதற்கு வாகாகத் தங்கிவிடும். நான் பாதுகாப்புக்கென்று போட்ட 1.6 மி.மீ. செம்பு, 0.65 மி.மீ. கீழே நின்ற பிஸ்டனோடு சேர்ந்து, 2.25 மி.மீ. இடைவெளியை உண்டாக்கியிருந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது நான்கு பிஸ்டன்களிலும் அந்தப் பக்கத்து விளிம்பில் மட்டும், ஊசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் தென்பட்டன. மூன்று மாதங்கள் நான் தேடிக்கொண்டிருந்த விடை அங்கே பொறிக்கப்பட்டிருந்தது.

அன்று இரவு கணக்கை மீண்டும் போட்டேன். அதன் பிறகு எனக்கு இந்த விஷயத்தில் ஐயமே எழவில்லை. போர் செய்தபின் என் சிலிண்டரின் விட்டம் 73.53 மி.மீ.; ஒரு சிலிண்டரின் பெயர்ச்சிக் கொள்ளளவு 377.5 மி.லி. கேஸ்கட்டின் துளை 75 மி.மீ. விட்டம் என்பதால், தடிமனில் ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் எரியறையில் 0.44 மி.லி. கூடும். அதனால் கம்ப்ரஷன் விகிதத்தில் ஏற்படும் மாற்றமோ வெறும் 0.07. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு சரியாக அமைந்த இன்ஜினில் கேஸ்கட்டை 0.8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ. ஆக்கினால் கம்ப்ரஷன் 8.57இலிருந்து 8.07க்குத்தான் இறங்கும், அதாவது ஆறு விழுக்காடு. ஆனால் நெருக்கிடைவெளி 1.0 மி.மீ.யிலிருந்து 1.8 மி.மீ.க்கு, எண்பது விழுக்காடு விரியும். கம்ப்ரஷனைத் திருத்துவதற்குக் கேஸ்கட்டைக் காட்டிலும் பயனற்ற கருவி வேறு இருக்க முடியாது. நெருக்கிடைவெளியைத் திருத்துவதற்கோ அதைக் காட்டிலும் கூர்மையான கருவி இல்லை.

எனவே இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன். முதலில் இடைவெளியை முடிவு செய்தேன். எஃகு கனெக்டிங் ராடு உள்ள இன்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி என்பது இத்துறையில் பலர் ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்ட அளவு. அதற்கும் கீழே போகலாம், போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேகமாகச் சுழலும்போது ராடு நீள்கிறது, பேரிங்குகளில் உள்ள விடுப்பு ஒரு பக்கமாகச் சேர்கிறது, சூடேறிய பிஸ்டன் உப்புகிறது, போருக்குள் சற்றே ஆடவும் செய்கிறது. இவை அனைத்தும் ஒன்றுகூடும் நாளில் பிஸ்டன் ஹெட்டைத் தொட்டுவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பழைய கிராங்கும் பழைய ராடும் உள்ள இன்ஜினில் 0.9 மி.மீ.க்குக் கீழே போக எனக்குத் துணிவு இல்லை. அது தேவை என்றும் நான் கருதவில்லை.

பிறகு பிளாக். தஞ்சாவூரில் உள்ள பட்டறை ஒன்றில் ஸ்டட்களை எல்லாம் கழற்றி பிளாக்கின் மேல்முகத்தை 0.45 மி.மீ. ஃபேசிங் எடுத்தோம். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்ததில் அந்த முகம் முன்பே 0.08 மி.மீ. வளைந்திருந்தது என்பதால், எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது. நான்கு பிஸ்டன்களும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. ஃபேசிங்குக்குப் பின் 0.13 மி.மீ. முதல் 0.26 மி.மீ. வரை கீழே நின்றன. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே ஒரு பிஸ்டனை அளந்து கேஸ்கட் வாங்குவது பெரிய தவறு. மிக உயரமாக நிற்கும் பிஸ்டனை வைத்துத்தான் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 21 கேஜ் செம்பு ஏறத்தாழ 0.8 மி.மீ. என்பதால், இடைவெளி 0.93 மி.மீ. முதல் 1.06 மி.மீ. வரை அமைந்தது. எனக்கு வேண்டியதும் அதுவே.

கம்ப்ரஷனை அதற்குப் பிறகுதான் தொட்டேன். ஹெட்டில் வால்வுகளைச் சுற்றி நெருக்கி நின்ற சுவரைக் கவனமாக அரைத்து, ஒவ்வோர் அறையையும் 36இலிருந்து 40.5 மி.லி. ஆக்கினேன். இதனால் காற்றுப் போக்கும் இலகுவானது. தட்டை முகத்தின் மேல் மட்டும் கல் படவே இல்லை. கடைசிக் கணக்கில் கம்ப்ரஷன் 8.57. நாக்கிங் அடித்த முதல் அமைப்பைக் காட்டிலும் இது உயர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

செம்பைப் பற்றி ஒரு சொல். தாள் போன்ற நாரும் தகடும் சேர்ந்த சாதாரண கேஸ்கட், இறுக்கியதும் நசுங்கும். கடையில் அளக்கும் தடிமன் வேறு, இன்ஜினுக்குள் இருக்கும் தடிமன் வேறு. அப்படிப்பட்டதைப் போடுகிறவர்கள் பழைய கேஸ்கட்டின் நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்துக் கணக்கிட வேண்டும். இன்றைய கார்களில் வரும் பல அடுக்கு எஃகு கேஸ்கட் அவ்வளவாக நசுங்காது. அடைப்பதிலும் அதுவே சிறந்தது. ஆனால் அது கேட்கும் வழவழப்பான முகத்தைப் பழைய பட்டறை இயந்திரங்கள் எளிதில் தருவதில்லை. செம்பும் மிகக் குறைவாகவே நசுங்குகிறது. தகட்டின் தடிமனே ஏறக்குறைய இடைவெளியின் தடிமன். அதற்குப் பதம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும், தீயில் சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் குழையும், அப்படிக் காய்ச்சியதை நீரில் தோய்த்தாலும் எஃகைப் போல் கடினமாகாது என்பதை எங்கள் ஊர்ப் பாத்திரப் பட்டறைகளில் யாரும் ஏட்டைப் பார்த்துக் கற்கவில்லை. என் கேஸ்கட்டை அவர்களே காய்ச்சிக் கொடுத்தார்கள். வெட்டும்போது சிலிண்டர் துளையை போரைவிடச் சற்று அகலமாக விட வேண்டும். தகட்டின் விளிம்பு உள்ளே துருத்தினால் அது பழுக்கக் காய்ந்து தானே தீ மூட்டும். தண்ணீர்த் துளைகளைச் சுற்றிச் செம்பு தானாக அடைத்துக்கொள்ளாது என்பதால் இரு புறமும் மெல்லிய சீலன்ட் தடவினேன். ஹெட் நட்டுகளை உரிய வரிசையில் இறுக்கி, இன்ஜின் சூடாகி ஆறிய பின் மீண்டும் இறுக்கினேன். செம்பும் இரும்பும் ஒரே நீரில் நிற்பதால் அரிமானம் எளிதில் தொடங்கும். கடலோரப் பக்கம் உவர்ப்பேறிய ஆழ்குழாய் நீரை ரேடியேட்டரில் ஊற்றுபவர்கள் செம்பு கேஸ்கட்டை நினைக்கவே கூடாது. கூலன்ட் கட்டாயம்.

மூடுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தேன். ஹெட்டை ஒரு முறை பொருத்திக் கையால் சுழற்றிப் பார்த்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்று அறிவது முதலாவது. பிளாக்கை அரைத்து, கேஸ்கட்டையும் மெலிதாக்கியதில் ஹெட் மொத்தம் 1.25 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. வழக்கமாக இதற்குக் களிமண் வைப்பார்கள். நான் சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு முதல் உருவம் பிடிக்கும் மெழுகில் ஒரு துண்டு வாங்கி வைத்தேன். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ந்த அது, விரல் சூட்டில் குழைந்து, வால்வின் விளிம்பை மயிரிழை பிசகாமல் பதிவு செய்தது. அதே காரணத்தால் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் தாங்கிகளுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துப் புஷ்ராடின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே உள்ள இன்ஜினாக இருந்தால், ஹெட் இறங்கும்போது கேம் டைமிங்கும் நகர்ந்துவிடும் என்பதை அந்த வண்டிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஈயக் கம்பிச் சோதனை. பிஸ்டனின் மேல் தட்டை முகத்துக்கு நேரே சால்டரிங் ஈயக் கம்பித் துண்டுகளைக் கிரீஸால் ஒட்டி, கேஸ்கட்டோடு ஹெட்டை முழுதாக இறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினால், நசுங்கிய ஈயத்தின் தடிமனே உண்மையான நெருக்கிடைவெளி. பிஸ்டன், தன்னை ராடோடு இணைக்கும் கஜன் பின்னைச் சுற்றிச் சாயக்கூடியது என்பதால், பின் இருக்கும் கோட்டை ஒட்டி இரு புறமும் வைத்து அளந்தேன். காகிதத்தில் 0.93 முதல் 1.06 வரை என்று இருந்தது, ஈயத்தில் 0.95 முதல் 1.05 வரை வந்தது. முதல் முறையே இந்தக் கம்பித் துண்டுகளை வைத்திருந்தால், அந்தக் கோடைக்காலம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

அடுத்த சித்திரையில் அதே சாலையில், அதே 91 ஆக்டேன் பெட்ரோலில், டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாமல் டாப் கியரில் முழுவதும் மிதித்தேன். புளியங்கொட்டை ஓசை வரவில்லை. வண்டியின் இழுவை முதல் அமைப்பில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. தண்ணீர்த் துளை ஒன்றின் அருகே மெல்லிய கசிவு தெரிந்தது. நட்டுகளை மூன்றாம் முறை இறுக்கியதும் அது நின்றது.

ஏறத்தாழ 6,000 கி.மீ. ஓடிய பிறகு, கசிவு உண்மையில் நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்காகவே ஹெட்டை ஒரு முறை தூக்கினேன். எரியறைக்கு நேர் கீழே பிஸ்டன் தலைகளில் வழக்கமான பழுப்புக் கரி படிந்திருந்தது. தட்டை முகத்துக்கு எதிரே இருந்த பிறை வடிவப் பகுதியில் மட்டும் கரியே இல்லை; உள்ளே பாய்ந்த கலவை கழுவிவிட்டதில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. முதல் முறை ஊசிப் பள்ளங்கள் இருந்த அதே விளிம்பு அது. செம்பைக் காய்ச்சிப் பதம் ஏற்றி, புதிதாகச் சீலன்ட் தடவி, அதே 21 கேஜ் தகட்டையே மீண்டும் வைத்து மூடினேன்.